மின்கலம் எழுதும் நாட்குறிப்பு

நுழையும்முன்

மின்சாரம் நின்றதும் மாற்று மின்வழங்கி இயங்கத் தொடங்குகிறது. விளக்கு மீண்டும் எரிகிறது. அத்துடன் நம் கவனம் விலகிவிடுகிறது. அந்தக் கருவி எத்தனை முறை உழைத்தது, எவ்வளவு நேரம் தாங்கியது, எப்போது தளர்ந்தது என்பவற்றை அதுவே காலமும் நேரமும் குறித்துப் பதிந்து வைக்கிறது. அப்பதிவைப் படிக்கத் தெரிந்தவருக்கு நாளைய இருட்டு இன்றே தெரிந்துவிடும். அதனைப் படிக்கும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு நொடி நின்றால்

கரிசல் நிலம் சூழ்ந்த சங்கரன்கோவில், தென்காசி மாவட்டத்தின் வணிக நகரங்களுள் ஒன்று. கோமதி அம்மன் ஆடித்தபசு விழாவாலும் பூச்சந்தையாலும் பெயர் பெற்ற இவ்வூரின் தெருக்களில் விசைத்தறிகளின் ஓசை இடைவிடாது கேட்கும். அந்த ஓசை சட்டென்று அடங்கினால் மின்சாரம் நின்றுவிட்டது என்பதை ஊரே அறிந்துகொள்ளும். தறி நின்றால் அன்றைய கூலி குறையும். ஆனால், நின்றுபோனால் ஈடுசெய்யவே முடியாத பணிகளும் அதே ஊரில் உள்ளன. மருத்துவமனையின் அறுவை அரங்கு, பச்சிளங்குழந்தைக்கு வெப்பமூட்டும் கருவி, வங்கியின் கணினி, கைப்பேசிக் கோபுரம் ஆகியவை அத்தகையவை. இவற்றில் சில, ஒரு நொடி இடைவெளியைக்கூடப் பொறுக்கமாட்டா.

2012ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டை எதிர்கொண்டன. இன்வெர்ட்டர் என்னும் சொல் நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் கலந்தது அக்காலத்தில்தான். பின்னர் மின்வெட்டு குறைந்தது, கருவிகள் நிலைத்துவிட்டன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போயின. மாற்று மின்சாரம் ஆடம்பரம் அன்று, உயிர்க்காப்பு என்பதை அந்த நாள்கள் உணர்த்தின.

அணையா விளக்கின் இலக்கணம்

ஒளி இடையறாது இருக்க வேண்டும் என்னும் கவலை தமிழர்க்குப் புதியதன்று. கோவில்களில் இரவும் பகலும் எரியும் விளக்கை நந்தாவிளக்கு என்றனர். அதற்கு நெய் வழங்கும் பொருட்டு ஆடுகளை அறக்கொடையாக அளித்த செய்தியைப் பல கல்வெட்டுகள் கூறுகின்றன. சோழர்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், நாள்தோறும் உழக்கு நெய் என்னும் கணக்கைக் காணலாம். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடுகள் இறவாமலும் முதுமையடையாமலும் இருந்தன என்பது இதன் பொருளன்று. இறந்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதே பொருள்.

விளக்கு இன்று எரிகிறதா என்று பார்ப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நாளையும் அதனை எரிய வைக்கும் இருப்பு நலமாக உள்ளதா என்றும் பார்த்தனர். அக்கணக்கைக் கல்லில் பதிந்தும் வைத்தனர். இருப்பைப் பேணுதல், பதிவைப் பேணுதல் ஆகிய இரண்டுமே மாற்று மின்வழங்கிக்கும் இலக்கணமாகும்.

கலத்தின் உள்ளே

மாற்று மின்வழங்கியின் இருப்பு, மின்கலத்தில் உள்ளது. மின்கலம் நேர்த்திசை மின்னோட்டத்தைத் தரும். அதனை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்ற மாறுதிசை மின்னோட்டமாக மாற்றுவது இன்வெர்ட்டர். மின்தடை ஏற்படும்போது கணினி போன்றவை அணையாதபடி மிக விரைவாகவோ இடைவெளியே இன்றியோ மின்சாரம் தருவது தடையில்லா மின்வழங்கி. இதனையே யு.பி.எஸ். என்று வழங்குகிறோம்.

இவற்றில் பெரிதும் பயன்படுவது காரீய அமில மின்கலம். மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க இக்கலத்தை 1859இல் பிரான்சு நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். இதில் காரீயத் தகடும் காரீய டை ஆக்சைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரத்தை வெளிவிடும்போது இருவகைத் தகடுகளின்மீதும் காரீய சல்பேட்டு படியும். அமிலத்தின் செறிவு குறையும். மின்னேற்றம் செய்யும்போது இவ்வினை எதிர்த்திசையில் நிகழ்ந்து பழைய நிலை திரும்பும். ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட் தருவதால், 12 வோல்ட் மின்கலத்தில் ஆறு அறைகள் இருக்கும்.

மின்னேற்றம் செய்யாமல் நெடுநாள் விட்டால் காரீய சல்பேட்டு கடினமான படிகமாக இறுகிவிடும். அவ்வாறு இறுகிய பகுதி மீண்டும் வினைபுரிவதில்லை. வெப்பமும் மின்கலத்துக்குப் பகையாகும். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. கோடை வெயில் தாக்கும் தகரக் கூரையின்கீழ் வைக்கப்பட்ட மின்கலம் விரைவில் மூப்படைவது இதனால்தான்.

நிறைந்த குளமும் மண்மேவிய குளமும்

பெரும்பாலான மின்வழங்கிகளின் முகப்பில் மின்கல நிலை ஓர் எண்ணாகவோ விளக்குகளின் வரிசையாகவோ தோன்றும். ‘100 விழுக்காடு’ என்று கண்டதும் மின்கலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது இயல்பு. அந்த முடிவில் ஒரு பிழை இருக்கக்கூடும்.

மழைக்காலத்தில் மறுகால் பாயும் குளத்தைப் பார்ப்பவர், குளம் நிறைந்துவிட்டது என்பார். ஆனால், வண்டல் மண் மேவிய குளமும் கரைவரை நிறைந்தே தோன்றும். எத்தனை நாள் பாசனத்துக்கு அந்நீர் வரும் என்பதில்தான் வேறுபாடு வெளிப்படும். மின்கலமும் அத்தகையது. இருக்கும் கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பது ஏற்ற நிலை. புதியதாக இருந்தபோது கொண்டிருந்த கொள்ளளவில் இப்போது எஞ்சியிருப்பது எவ்வளவு என்பது உடல்நிலை. முகப்பில் தெரியும் எண் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே கூறும். மூப்படைந்த மின்கலமும் ‘100’ என்று காட்டலாம்.

மின்னழுத்தத்தை அளந்தும் நிலையை அறியலாம். முழுமையாக ஏற்றம்பெற்று, சில மணி நேரம் ஓய்விலிருக்கும் 12 வோல்ட் காரீய அமில மின்கலம் ஏறத்தாழ 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். ஏறத்தாழ 12.2 வோல்ட் என்றால் பாதி தீர்ந்துவிட்டது எனலாம். மின்னேற்றியில் இணைந்திருக்கும்போது 13.5 வோல்ட் தெரிந்தால், அது மின்னேற்றி தரும் அழுத்தமே அன்றி, மின்கலத்தின் தனி வலிமை அன்று. நீர் ஊற்றும் வகை மின்கலத்தில் திரவமானியைக் கொண்டு அமிலத்தின் ஒப்படர்த்தியையும் அளப்பர். முழு ஏற்றத்தில் அது 1.25-ஐக் கடந்திருக்கும், ஏற்றம் தீரத்தீரக் குறையும்.

கொள்ளளவை ஆம்பியர்-மணி என்னும் அலகால் குறிப்பர். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால், 12 × 150 = 1800 வாட்-மணி ஆற்றல். 300 வாட் சுமையை அது 6 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது ஏட்டுக்கணக்கு. நடைமுறையில் அவ்வளவு நேரம் தாங்காது. மின்சாரத்தை மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். மேலும், 150 என்னும் எண் பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுப்பதற்கு உரியது. விரைவாக எடுத்தால் கிடைக்கும் மொத்த அளவே குறையும். இந்த இயல்பை 1897இல் செருமானிய அறிவியலாளர் வில்ஹெல்ம் பாய்கெர்ட் கணக்கிட்டு விளக்கினார்.

நிகழ்வுப் பதிவேடு

முகப்பு எண் மறைப்பதை வெளிப்படுத்துவது நிகழ்வுப் பதிவேடு. மின்வழங்கல் நின்றது, மின்கலத்துக்கு மாறியது, மின்வழங்கல் மீண்டது, சுமை மிகுந்தது, தன்சோதனையில் தோற்றது, மின்கலத்தை மாற்றுக என ஒவ்வொரு நிகழ்வையும் நாள், நேரத்துடன் கருவி தன் நினைவகத்தில் எழுதும். மருத்துவமனைகள், வங்கிகள், கணினி மையங்கள் ஆகியவற்றில் உள்ள தடையில்லா மின்வழங்கிகளில் இவ்வசதி உண்டு. எளிய வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இது இல்லை. அங்கே ஒரு குறிப்பேடும் கடிகாரமும் இப்பணியைச் செய்யும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பிரசவ அறையின் விளக்குகளும் பச்சிளங்குழந்தைக்கான வெப்பமூட்டியும் ஒரு மின்வழங்கியோடு இணைக்கப்பட்டுள்ளன. அதன் பதிவேட்டில் உள்ள வரிகள் இவை:

மார்ச் 4
10:00:12 – மின்வழங்கல் நின்றது, சுமை 40%, மின்கல நிலை 100%
10:20:12 – மின்வழங்கல் மீண்டது. மின்கல நிலை 80%

ஏப்ரல் 18
11:05:30 – மின்வழங்கல் நின்றது, சுமை 40%, மின்கல நிலை 100%
11:25:30 – மின்வழங்கல் மீண்டது. மின்கல நிலை 64%

மே 27
15:40:03 – மின்வழங்கல் நின்றது, சுமை 40%, மின்கல நிலை 100%
15:51:03 – மின்கலம் குறைந்தது: எச்சரிக்கை
15:54:03 – மின்வெளியீடு நின்றது
16:10:20 – மின்வழங்கல் மீண்டது

மூன்று நாள்களிலும் தொடக்கத்தில் முகப்பு ‘100’ என்றே காட்டியது. மூன்று நாள்களிலும் சுமை ஒன்றே. ஆனால், மார்ச்சில் 20 நிமிடத்தில் 20 விழுக்காடு குறைந்தது. அந்த வேகத்தில் 100 நிமிடம் தாங்கியிருக்கும். ஏப்ரலில் அதே 20 நிமிடத்தில் 36 விழுக்காடு குறைந்தது. அதாவது, தாங்கும் காலம் ஏறத்தாழ 56 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. மே மாதத்தில் 14 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அதன்பின் 16 நிமிடத்துக்கும் மேலாக அந்த அறை இருளில் இருந்தது.

இவ்விருள் மே 27இல் தொடங்கியதாகத் தோன்றும். பதிவேட்டைப் படித்தவருக்கோ அது ஏப்ரல் 18 அன்றே தெரிந்திருக்கும். அன்று மின்தடை ஏற்பட்டதையும், மின்வழங்கி உதவியதையும், பின்னர் மின்சாரம் வந்ததையும் எல்லாரும் கண்டனர். ‘80’ என்பது ‘64’ ஆனதை எவரும் காணவில்லை. கருவி தன் கடமையைச் செய்தது, பதிவும் செய்தது. படிக்கும் கடமை மட்டுமே எஞ்சி நின்றது. மின்கலத்தை மாற்ற இடையில் 39 நாள்கள் இருந்தன.

இங்கே சுமையையும் ஒப்பிட்டுப் பார்த்தது ஏன் என்பதைக் கவனிக்க வேண்டும். சுமை 40-இலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்திருந்தால், தாங்கும் காலம் குறைந்ததற்கு மின்கலத்தைக் குறைகூற இயலாது. ஒத்த நிலையில் ஒத்தவற்றை ஒப்பிடுவதே பதிவேட்டைப் படிக்கும் முதல் விதி.

பதிவுகளின் ஒழுங்கும் பொருள் தரும். நாள்தோறும் மாலையில் ஒரே நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்தால், அப்பகுதியில் சுமை மிகுகிறது எனக் கருதலாம். காற்று வீசும்போது இரண்டு மூன்று நொடித் தடைகள் அடுக்கடுக்காக வந்தால், மின்கம்பியில் மரக்கிளை உரசுகிறதா, இணைப்பு எங்கேனும் தளர்ந்துள்ளதா என்று தேடலாம். மின்தடையே இல்லாத நேரத்தில் கருவி மின்கலத்துக்கு மாறியிருந்தால், குறை கட்டடத்தின் உள்ளேயே இருக்கக்கூடும்.

பதிவேட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நினைவகம் நிரம்பியதும் பல கருவிகள் பழைய வரிகளை அழித்துப் புதியவற்றை எழுதும். ஆகவே குறித்த காலத்துக்கு ஒருமுறை பதிவுகளைப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும்.

கடிகாரம் பொய்த்தால்

பதிவின் உயிர் நேரத்தில் உள்ளது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். காரணம் தேடியவர்கள் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திரட்டினர். ஆனால், பல கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எது முன்னே, எது பின்னே என்று அறியாமல் காரணத்தையும் விளைவையும் பிரிக்க இயலாது. நிகழ்வுகளை வரிசைப்படுத்துவதே பெரும்பணியாயிற்று. ஓகையோ மாநிலக் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்திருந்ததும், அங்கிருந்தோர் அதனை உணராததும் பின்னர் வெளிப்பட்டன. எச்சரிக்கை வராததை, எல்லாம் நலம் என்று அவர்கள் பொருள்கொண்டனர்.

இந்தியாவிலும் 2012 சூலை 30, 31 ஆகிய நாள்களில் மாபெரும் மின்தடை நேர்ந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களின் மின்தொகுப்புகள் வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. பதிவுக் கருவிகளின் நேரத்தை ஒருங்கிணைக்க வேண்டும் என்பது அதன் பின்னரும் வலியுறுத்தப்பட்டது. பெரிய மின்தொகுப்புக்கு உரிய இவ்விதி சிறிய மின்வழங்கிக்கும் பொருந்தும். கடிகாரம் தவறினால் அது எழுதும் நாட்குறிப்பும் தவறாகும்.

மருந்துப்புட்டியின் நினைவு

இப்போதைய நிலையைவிடக் கடந்த வரலாறு முதன்மை பெறும் இடம் இன்னொன்றும் உண்டு. தடுப்பு மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். சுகாதார நிலையங்களில் அவற்றுக்கான குளிர்பெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் இருமுறை குறிக்கின்றனர். இன்று 5 டிகிரி இருப்பது மட்டும் போதாது. நேற்று மின்சாரம் நின்றபோது பெட்டி சூடாகியிருந்தால் மருந்து தன் ஆற்றலை இழந்திருக்கலாம். மீண்டும் குளிர்ந்துவிட்டதால் அது மீண்டும் ஆற்றல் பெறுவதில்லை.

இதனை உணர்த்தவே, சொட்டு மருந்துப் புட்டிகளில் நிறம் மாறும் ஒரு குறியை ஒட்டும் வழக்கம் 1996இல் தொடங்கியது. வட்டத்தின் உள்ளே ஒரு சதுரம் இருக்கும். புட்டி பட்ட வெப்பம் சேரச்சேரச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டினாலோ மிஞ்சினாலோ மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. மின்சாரமோ நினைவகமோ இல்லாத இக்குறியும் ஒரு நிகழ்வுப் பதிவேடுதான்.

நிலை அறிய இயலாதபோது

பதிவும் நிலைகாட்டியும் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை ஜப்பானின் புகுசிமா காட்டியது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்தால் அங்குள்ள அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. டீசல் மின்னாக்கிகள் இயங்கத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை அவற்றை மூழ்கடித்தது. சில உலைகளின் மின்கலங்களும் நீரில் மூழ்கின. கட்டுப்பாட்டு அறையின் அளவுமானிகள் இருண்டன. உலைக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்பதைக்கூட அறிய இயலவில்லை. பணியாளர்கள் வண்டிகளிலிருந்து மின்கலங்களைக் கழற்றிக் கொண்டுவந்து அளவுமானிகளில் இணைத்தனர். இயந்திரத்தை இயக்குவதற்கு முன்னர், அதன் நிலையைத் தெரிந்துகொள்வதற்கே அவர்களுக்கு மின்கலம் தேவைப்பட்டது.

படிப்பவரின் கடமை

மாற்று மின்வழங்கியைப் பேணுவது கடினமான கலையன்று. மாதம் ஒருமுறை பதிவேட்டைப் படித்தல், கடிகாரத்தைச் சரிபார்த்தல், கட்டுப்பாடான சோதனையில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று குறித்தல், நீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சி வடித்த நீரை உரிய அளவில் நிரப்புதல், காற்றோட்டமான இடத்தில் வைத்தல் ஆகியவை போதும். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடும் என்பதால் அருகில் தீச்சுடர் கூடாது. மின்கலத்தைத் திறப்பது, இணைப்புகளைக் கழற்றுவது போன்றவற்றைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். பழைய மின்கலத்தைக் குப்பையில் வீசாமல் விற்பனையாளரிடம் திருப்பித் தருவது, நிலமும் நீரும் காரீயத்தால் நஞ்சாகாமல் காக்கும்.

இவற்றுள் முதலாவதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை; படிக்கும் பழக்கம் மட்டுமே தேவை. ‘இன்று நிறைந்திருக்கிறதா’ என்னும் வினாவுக்கு முகப்பு எண் விடை தரும். ‘தேவைப்படும் நாளில் தாங்குமா’ என்னும் வினாவுக்கு நாட்குறிப்பே விடை தரும். ஆட்டு மந்தையின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு நந்தாவிளக்கைக் காத்தவர்கள் இந்த இரண்டாம் வினாவையே கேட்டார்கள். பிரசவ அறையின் விளக்குக்கும் அதனைக் கேட்க ஒருவர் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது பள்ளியில் ஒரு மாதம் ஏற்படும் மின்தடைகளை நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றுடன் பட்டியலிட்டு, அதில் காணும் ஒழுங்கை விளக்குக.

2. ‘ஏற்ற நிலை’, ‘உடல்நிலை’ ஆகியவற்றின் வேறுபாட்டைக் குளம் தவிர்த்த வேறோர் உவமையால் விளக்கி ஒரு பத்தி எழுதுக.

3. பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டுப் பதிவேட்டைப் படித்து, ஏப்ரல் 19 அன்று சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு அனுப்பத்தக்க வேண்டுகோள் கடிதம் ஒன்றை எழுதுக.